மென்பொருளை மாற்றுமுன் கோப்புகளைக் காப்போம்

நம் இல்லங்களில் கணிப்பொறி நுழைந்து ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்டது. தொடக்கத்தில் பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கப்பட்ட அந்த இயந்திரம், நாளடைவில் குடும்பத்தின் பெட்டகமாகவே ஆகிவிட்டது. முன்னர் மரப்பெட்டியில் துணி சுற்றி வைக்கப்பட்ட காகிதங்கள் எவையோ, அவையே பின்னர் அதனுள் கோப்புகளாக இடம் பிடித்தன. வயல் குத்தகைக் கணக்கு, பாகப்பிரிவினைக்காக எழுதிய நகல், மகளின் நிக்காஹ் அழைப்பிதழ், கொடுத்த கடனும் வாங்கிய கடனும் குறித்த பட்டியல், வெளிநாட்டிலிருந்து வாப்பா அனுப்பிய பணத்தின் விவரம், மஹல்லா ஜமாஅத்தின் சந்தாக் கணக்கு, மூன்று தலைமுறை உறவினரின் பெயர் வரிசை என அவை பலதிறப்பட்டவை.

இவற்றுள் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் என்னும் மென்பொருள் தொகுப்பிலுள்ள வேர்ட், எக்செல் ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. 2003ஆம் ஆண்டுப் பதிப்பையோ, 2007ஆம் ஆண்டுப் பதிப்பையோ இன்றும் வீட்டில் பயன்படுத்துவோர் பலர் உள்ளனர். "புதிய பதிப்புக்கு மாறிவிடலாமா? மாறினால் பழையவை திறக்குமா?" என்னும் ஐயம் அவர்களுக்கு எழுவது இயல்பே. இந்த இதழில் அதனை விரிவாகக் காண்போம்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். வாப்பாவின் கையால் தட்டச்சு செய்யப்பட்ட கடன் பட்டியல் அழிந்துபோனால் அதை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. ஆகவே புதுப்பிக்கும் வேலையில் முதலிடம் கோப்புகளுக்கே உரியது.

மாற வேண்டிய தேவை என்ன?

ஒவ்வொரு பதிப்புக்கும் அதனை வெளியிட்ட நிறுவனம் குறிப்பிட்ட காலம் வரை மட்டுமே ஆதரவு அளிக்கிறது. ஆதரவு என்பது, மென்பொருளில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைத்துத் தருவதாகும். ஆஃபீஸ் 2003க்கு அந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்தது. 2007க்கு 2017 அக்டோபர் 10ஆம் நாளும், 2010க்கு 2020 அக்டோபர் 13ஆம் நாளும், 2013க்கு 2023 ஏப்ரல் 11ஆம் நாளும் முடிவுற்றன. 2016, 2019 ஆகிய இரண்டுக்கும் ஒரே நாளில், அதாவது 2025 அக்டோபர் 14ஆம் நாளில், ஆதரவு நிறுத்தப்பட்டது. ஆதரவு முடிந்ததால் மென்பொருள் நின்றுவிடுவதில்லை. அது முன்போலவே இயங்கும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டறியப்பட்டால் அடைப்பார் இல்லை.

இதனால் என்ன தீங்கு நேரும் எனச் சிலர் கேட்கக்கூடும். 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 'மெலிசா' என்னும் வைரஸ் வேர்ட் கோப்பு ஒன்றினுள் ஒளிந்து, மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. அப்போது கோப்பினுள் இருந்த 'மேக்ரோ' என்னும் கட்டளைத் தொகுப்பு இயங்கினால்தான் கேடு விளைந்தது. 2017 நவம்பரில் அடைக்கப்பட்ட மற்றோர் ஓட்டையோ இன்னும் கொடியது. கணிதச் சமன்பாடுகளை எழுத ஆஃபீஸில் இணைக்கப்பட்டிருந்த 'ஈக்வேஷன் எடிட்டர்' என்னும் சிறு கருவியில் ஏறத்தாழ 17 ஆண்டுகளாக அது இருந்து வந்தது. தீயவர் அனுப்பிய கோப்பைத் திறந்தாலே போதும், மேக்ரோவின் உதவியின்றியே கணிப்பொறி அவர்கள் வசமாகிவிடும். ஆதரவு முடிந்துவிட்ட பதிப்புகளுக்கு இத்தகைய திருத்தங்கள் வருவதில்லை.

ஆகவே இணைய இணைப்புள்ள கணிப்பொறியில், பிறர் அனுப்பும் கோப்புகளைத் திறப்பவராயின் மாறியே ஆக வேண்டும். இணையத் தொடர்பு ஏதுமின்றிக் கணக்கு எழுதவும், கடிதம் அச்சிடவும் மட்டும் பயன்படும் பழைய இயந்திரமாயின், அதனை அப்படியே விட்டுவைப்பதில் தவறில்லை. தேவையின்றிச் செலவு செய்ய வேண்டியதில்லை.

மாறுவதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் கோப்புகளின் அமைப்பே மாறிவிட்டது. முன்னர் 'டாக்', 'எக்ஸ்.எல்.எஸ்.' எனப் பெயரின் ஈற்றில் அமைந்தவை, 'டாக்ஸ்', 'எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்.' எனப் புது வடிவம் பெற்றன. பள்ளியிலிருந்தும் வங்கியிலிருந்தும் இன்று வருபவை பெரும்பாலும் இப்புதிய வடிவில் உள்ளவையே. 2003 பதிப்பு இவற்றைத் திறப்பதற்கென மைக்ரோசாஃப்ட் ஓர் இணைப்பு மென்பொருளை இலவசமாக வழங்கி வந்தது. 2018 ஏப்ரலில் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

உங்களிடம் இருப்பது எது?

முதலில் வீட்டிலுள்ள பதிப்பு எது என்பதை அறியுங்கள். 2003 பதிப்பில் 'ஹெல்ப்' பட்டியலின் கடைசியில் உள்ள 'அபவுட்' என்பதைத் தொட்டால் விவரம் தெரியும். 2013க்குப் பிந்தியவற்றில் 'ஃபைல்' பட்டியலில் 'அக்கவுண்ட்' என்னும் பகுதியில் காணலாம். அடுத்து, கணிப்பொறியின் விண்டோஸ் எது என்பதையும், நினைவகம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். 'மை கம்ப்யூட்டர்' அல்லது 'திஸ் பி.சி.' என்னும் படத்தின் மீது வலப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் தேர்ந்தால் இரண்டும் தெரியவரும்.

இதனை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், விண்டோஸ் எக்ஸ்.பி. உள்ள கணிப்பொறியில் ஆஃபீஸ் 2010 வரை மட்டுமே ஏறும். 2013க்கு விண்டோஸ் 7ஆவது வேண்டும். 2019க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும். 2024 பதிப்புக்கு 4 ஜி.பி. நினைவகமும், வட்டில் 4 ஜி.பி. வெற்றிடமும் தேவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கி வந்தபின், "இந்த மெஷினில் ஏறாது" எனக் கேட்பதைவிட, முன்னரே அறிந்துகொள்வது மேல்.

பழையதை நீக்குமுன் செய்ய வேண்டியவை

இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பழைய மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போது மட்டுமே எளிதாகச் செய்யக்கூடிய வேலைகள் சில உள்ளன.

முதலாவது, படி எடுத்தல். கோப்புகள் யாவையும் 'மை டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரில்தான் இருக்கும் என எண்ண வேண்டாம். திரை முகப்பிலும், டி டிரைவிலும், பிள்ளைகளின் பெயரிட்ட ஃபோல்டர்களிலும் சிதறிக் கிடக்கும். தேடும் வசதியைக் கொண்டு டாக், எக்ஸ்.எல்.எஸ்., பி.பி.டி. என்னும் ஈறுடைய அனைத்தையும் கண்டறிந்து, இரு வேறு இடங்களில் படி எடுத்து வையுங்கள். ஒன்று பென் டிரைவிலும், மற்றொன்று வெளிவட்டிலும் இருக்கலாம். படி எடுத்தபின் வேறொரு கணிப்பொறியில் அவற்றுள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, அவுட்லுக் வழியாக அஞ்சல் பெற்று வந்தவர்கள் கவனிக்க வேண்டியது. உங்கள் கடிதங்களும் முகவரிகளும் 'பி.எஸ்.டி.' என்னும் ஈறுடைய ஒரே கோப்பில் அடங்கியுள்ளன. பழைய விண்டோஸில் அது சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாத ஃபோல்டரில் இருக்கும். அதனையும் தேடி எடுத்து வையுங்கள். 2024 பதிப்பின் 'ஹோம்' என்னும் வகையில் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட், ஒன்நோட் ஆகியவை உண்டு. அவுட்லுக் அதில் அடங்காது. 'ஹோம் அண்ட் பிசினஸ்' வகையில்தான் அது கிடைக்கும்.

மூன்றாவது, அக்சஸ். கடை வைத்திருப்போரும் ஜமாஅத் கணக்கர்களும் இதில் பெயர்ப் பதிவு வைத்திருப்பது உண்டு. அக்சஸ் 97 காலத்துக் கோப்புகளை 2013 முதலான பதிப்புகள் திறப்பதே இல்லை. 2003 அல்லது 2010 பதிப்பு கையில் இருக்கும்போதே அவற்றைத் திறந்து, புதிய வடிவுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். பழையதை நீக்கிய பின் இதற்காக அலைய நேரிடும்.

நான்காவது, பப்ளிஷர். அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் இதில் அமைத்திருப்பீர்கள். 2026 அக்டோபருக்குப் பின் பப்ளிஷருக்கு ஆதரவு இல்லை என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024 ஹோம் பதிப்பிலும் அது இடம்பெறவில்லை. ஆகவே வேண்டியவற்றை பி.டி.எஃப். வடிவில் சேமித்து வையுங்கள்.

ஐந்தாவது, கடவுச்சொல். சொத்து விவரமோ, கடன் கணக்கோ உள்ள கோப்புக்குப் பெரியவர்கள் கடவுச்சொல் இட்டுப் பூட்டியிருப்பார்கள். அச்சொல்லை அறிந்தவர் அவர் ஒருவராகவே இருப்பார். மென்பொருளை மாற்றும் இத்தருணத்தில் அவரை அருகில் அமர்த்தி, "வாப்பா, இதன் சொல்லைச் சொல்லுங்கள், ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுகிறேன்" எனக் கேட்டுப் பெறுங்கள். பிறருக்குச் சேர வேண்டிய தொகையும், பிறரிடமிருந்து வர வேண்டிய தொகையும் அதில்தான் எழுதப்பட்டிருக்கலாம். அவருக்குப் பின் அதைத் திறக்க இயலாமற் போனால், கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நிற்கும்போது பிள்ளைகளிடம் பதில் இராது.

தமிழ் எழுத்துருவின் சிக்கல்

மேற்கண்டவை உலகோர் அனைவருக்கும் பொது. தமிழர்க்கே உரிய தனிச் சிக்கல் ஒன்று உண்டு.

விண்டோஸ் 2000 வெளிவரும் வரை விண்டோஸிலேயே தமிழுக்கு இடமில்லை. ஆகவே 1990களிலும், அதன்பின் பல ஆண்டுகளும், தமிழ் தட்டச்சு செய்தோர் பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். அவற்றின் தந்திரம் எளிது. கணிப்பொறி தன்னுள் பதிந்து வைத்துக்கொள்வது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையுமே. அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துருவை நீக்கிவிட்டால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே.

அவ்வெழுத்துரு ஆஃபீஸ் தொகுப்பின் பகுதியன்று; விண்டோஸின் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரில் தனியாக இருப்பது. எனவே ஆஃபீஸை மட்டும் மாற்றினால் தமிழ் கெடுவதில்லை. ஆஃபீஸோடு சேர்த்து விண்டோஸையோ, கணிப்பொறியையோ மாற்றும்போதுதான், பழைய கோப்பைத் திறந்தவர்கள் திகைத்துப் போகிறார்கள். கோப்பு கெட்டுவிட்டது என எண்ணி அழித்துவிடுவோரும் உண்டு. அவ்வாறு அழிக்க வேண்டாம். கோப்பு நலமாகவே உள்ளது, எழுத்துருதான் இல்லை. பழைய கணிப்பொறியின் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து நீங்கள் பயன்படுத்திய எழுத்துருவைப் படி எடுத்துப் புதியதில் பதித்தால், எழுத்துகள் மீண்டும் தோன்றும்.

ஆயினும் இது தற்காலிகத் தீர்வே. எழுத்துகளை யூனிகோடு முறைக்கு மாற்றி வைப்பதே நிலையான வழி. தமிழக அரசு 1999இல் டாப், டாம் என்னும் குறியேற்றங்களை ஏற்றது; பின்னர் 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடில் 'அ' என்றால் உலகின் எந்தக் கணிப்பொறியிலும் 'அ'தான். கைப்பேசியிலும் படிக்கலாம்; பெயரைத் தட்டிக் கோப்பினுள் தேடவும் செய்யலாம். பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றிய பின் அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் பெயர்களில் ஷ, ஸ, ஜ, ஹ என்னும் எழுத்துகள் மிகுதியாக வருகின்றன. ஷாஹுல் ஹமீது, ஹாஜரா, ஜைனப், ஃபாத்திமா போன்ற பெயர்களில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் வேறொருவர் பெயராகிவிடும். எழுத்துருவுக்கு எழுத்துரு இவ்வெழுத்துகளின் இடம் வேறுபடுவதால், உங்களது எழுத்துருவுக்குப் பொருந்தாத மாற்றியைத் தேர்ந்தால் பிழை தோன்றுவது பெரும்பாலும் இங்கேதான். மேலும், இடையிடையே ஆங்கிலச் சொற்களோ தலைப்பெழுத்துகளோ இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழெனக் கருதிக் குழப்பிவிடும். ஆகவே பழைய அச்சுப்படி ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அரபி வரிகள் உள்ள கோப்புகளில் அவை வலமிருந்து இடமாகச் சரியான வரிசையில் அமைந்துள்ளனவா என்பதையும் சோதியுங்கள்.

எதனைத் தேர்வது?

மூன்று வழிகள் உள்ளன. ஒரே தடவை விலை கொடுத்து வாங்கும் பதிப்பு முதலாவது. 2024 பதிப்பு இவ்வகையினது; ஒரு கணிப்பொறிக்கு உரியது; அதற்கான ஆதரவு 2029 அக்டோபர் வரை என அறிவிக்கப்பட்டுள்ளது. சந்தா முறையிலான மைக்ரோசாஃப்ட் 365 இரண்டாவது. அதில் 'ஃபேமிலி' என்னும் வகையை ஒரு குடும்பத்தில் 6 பேர் வரை பயன்படுத்தலாம். சந்தா நின்றால் கோப்புகளைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த இயலாது. மூன்றாவது, விலையேதும் இல்லாத லிபர் ஆஃபீஸ். 2010இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இம்மென்பொருள், தமிழ் இடைமுகத்தோடும் கிடைக்கிறது. பழைய டாக் கோப்புகளோடு, மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ், லோட்டஸ் 1-2-3 ஆகியவற்றின் கோப்புகளையும் அது திறக்கும். பக்க அமைப்பில் சிறு வேறுபாடுகள் தோன்றலாம் என்றாலும், கடிதமும் கணக்கும் எழுதும் இல்லத்துக்கு அது போதுமானது.

நான்காவதாக ஒரு வழியையும் கடைத்தெருவில் சிலர் கூறுவர். அது திருட்டு நகல். பூட்டை உடைக்கும் சிறு மென்பொருளை இயக்க, முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு அந்நியரை வீட்டுக்குள் அழைப்பதற்கு ஒப்பானது இது. பிறர் உழைப்பை அவர் இசைவின்றி எடுத்துக்கொள்வது நமக்கு ஆகுமானதும் அன்று. விலை கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு இலவச மென்பொருள் இருக்கையில், அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

மாறிய பின்

புதியதை ஏற்றியபின் பழைய டாக் கோப்பைத் திறந்தால், மேலே 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்னும் சொற்கள் தோன்றும். அஞ்ச வேண்டாம். பழைய வடிவில் உள்ளது என்பதையே அது தெரிவிக்கிறது. 'சேவ் ஆஸ்' வழியாகப் புதிய வடிவில் மற்றொரு படி சேமியுங்கள். பழைய மூலத்தை அழிக்காதீர்கள். கணக்குத் தாள்களில் கூட்டுத்தொகை முன்பிருந்ததோடு பொருந்துகிறதா எனப் பாருங்கள்.

மிகப் பழைய கோப்புகள் சிலவற்றைப் புதிய பதிப்பு பாதுகாப்புக் கருதித் திறக்க மறுக்கும். 'ட்ரஸ்ட் சென்டர்' பகுதியில் 'ஃபைல் பிளாக்' என்னும் அமைப்பில் இத்தடையைத் தளர்த்தலாம். நீங்களே எழுதிய கோப்புக்கு மட்டும் அவ்வாறு செய்து, உடனே பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஈக்வேஷன் எடிட்டர் 2018 சனவரியில் நீக்கப்பட்டுவிட்டதால், அதில் எழுதிய கணிதச் சமன்பாடுகளை முன்போல் அதே கருவியில் திருத்த இயலாது. வீட்டில் டியூஷன் எடுப்போர் தம் பழைய வினாத்தாள்களில் இதனைக் காண்பர்.

எக்செல் 2003இல் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே உண்டு. 2007 முதல் 10,48,576 வரிசைகள். நீண்ட தாளைப் பழைய வடிவில் சேமித்தால் மிகுதி வெட்டுண்டு போகும். பழைய கணிப்பொறி வைத்துள்ள உறவினருக்கு அனுப்பும்போது இது நினைவிருக்கட்டும்.

இன்னொன்று: புதிய பதிப்பு, 'சேவ்' கொடுத்ததும் கோப்பை 'ஒன் டிரைவ்' என்னும் இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்ப முற்படும். வீட்டுக் கணக்கு வெளியில் போக வேண்டாம் என்றால், சேமிக்கும்போது 'திஸ் பி.சி.' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் இருப்பதையே விரும்பினால், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் குடும்பத்தில் இருவராவது அறிந்திருக்கட்டும்.

பழைய பட்டியல்கள் மறைந்து, மேலே அகன்ற பட்டையாகக் கட்டளைகள் விரிந்திருப்பது பெரியவர்களுக்கு முதலில் எரிச்சல் ஊட்டும். 2007இல் வந்த மாற்றம் இது. வாப்பாவோ பெரியத்தாவோ "பிரிண்ட் எங்கே போயிற்று?" எனக் கேட்டால் பிள்ளைகள் சலித்துக்கொள்ளாமல் காட்டிக்கொடுங்கள். கன்ட்ரோலும் பி எழுத்தும் சேர்த்து அழுத்தினால் அச்சிடுவது, எஸ் எழுத்தோடு அழுத்தினால் சேமிப்பது ஆகிய பழைய குறுக்குவழிகள் இன்றும் மாறவில்லை. அவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்தால் அவர்கள் எவரையும் எதிர்பாராமல் தம் வேலையைத் தாமே செய்துகொள்வார்கள்.

பழைய சி.டி.யையும் அதன் உறையில் அச்சிட்ட எண்ணையும் எறிந்துவிடாதீர்கள். கடன் பட்டியல், பாகப்பிரிவினை நகல், உறவினர் பெயர் வரிசை ஆகிய மூன்றையும் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். தாளுக்குப் பதிப்பு மாற்றம் இல்லை. இவ்வார விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வீட்டார் அனைவரும் அமர்ந்து கோப்புகளைப் படி எடுக்கும் வேலையை மட்டுமாவது முடித்துவிடுங்கள். புதிய மென்பொருளை அடுத்த மாதம் வாங்கினாலும் போதும்.